கயிற்றுக்கு அந்தப் பக்கம்

ஏப்ரல் 9, செவ்வாய்

மழை. நல்ல மழைதான், ஆனால் போதாது. குளிர்காலம் முழுக்கச் சாலையில் கொட்டிய உப்பு ஓரங்களில் இன்னும் வெள்ளையாகத் தெரிகிறது. இன்னும் இரண்டு மழையாவது பெய்ய வேண்டும். அதுவரை என் பழைய ஹட்சன் கார் கொட்டகையை விட்டு வெளியே வராது. எதிர்வீட்டுக்காரர் மார்ச்சிலேயே தன் வண்டியை எடுத்துவிட்டார். அவர் தகரம், அவர் துரு.

பழைய வண்டிச் சங்கத்தின் மடல் தபாலில் வந்தது. வண்டிகளுக்கு வால் முளைத்த கதையைப் பற்றி நான் எழுதியதில் பாதியைக் காணோம். நாற்பத்தெட்டில் ஒரு போர் விமானத்தைப் பார்த்து, பின்பக்கம் இரண்டு சிறு மேடு வைத்தார்கள். பரவாயில்லை, பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது. அதோடு விட்டார்களா? ஐம்பத்தொன்பதில் அது ஆள் இடுப்புக்கு வந்து நின்றது. அந்த வாலால் எந்த வண்டியும் ஒரு அடிகூட அதிகம் ஓடவில்லை என்று எழுதியிருந்தேன். அந்த வரியை வெட்டிவிட்டான், மடலைத் தொகுக்கிற கிளிஃபோர்ட். வால் வைத்த வண்டிக்காரர்கள் மனம் நோகுமாம்.

பல் டாக்டராக இருந்தவன். பிடுங்கிப் பழகிய கை.

ஏப்ரல் 28, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமலும் தூக்கம் வராது.

சாலை காய்ந்துவிட்டது. ஹட்சனை எடுத்தேன். முதல் முறை திருகியதுமே உயிர் வந்தது. ஐம்பத்தொன்றாம் வருடத்து ஆறு சிலிண்டர், சத்தம் இன்னும் தைத்துப் பழகிய தையல் மிஷின் மாதிரி. வழக்கம்போல மனைவி ஆர்லீனை ஏற்றிக்கொண்டு, மாவுக்குள் பழம் வைத்துச் சுடும் ‘பை’ விற்கிற கடைக்கு. ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு வைத்த பை வந்திருக்கும் என்றாள்.

கடை முன்னால் வண்டியை நிறுத்தத் திருப்பினேன். வலது தோளில் ஏதோ அறுந்த மாதிரி. ஸ்டியரிங் பாதியில் நின்றுவிட்டது. கை மேலே போக மறுக்கிறது. பின்னால் இரண்டு வண்டி, முன்னால் விளக்குக் கம்பம். முன் சக்கரம் நடைபாதை விளிம்பில் உரசி, சக்கர மூடி கழன்று உருண்டு கடை வாசல் வரை போனது.

ஆர்லீன் இறங்கி, என் பக்கம் வந்து, சன்னல் வழியே இரண்டு கையையும் விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தாள். நான் உள்ளிருந்து இடது கையால் தள்ள, அவள் வெளியிலிருந்து இழுக்க, கிணற்றில் வாளி இறைப்பது போல வண்டியைத் திருப்பினோம். ஒரு பெண் போனில் படம் எடுத்தாள். சிரிக்கக்கூட இல்லை அவள். “எவ்ளோ அழகு”ன்னாள். எது அழகு?

பை வாங்காமலே திரும்பினோம். வீட்டுக்குள் வண்டியைத் திருப்பும்போதும் அவளே இறங்கினாள். நான் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 30, செவ்வாய்

டாக்டரம்மா என் பேத்தி வயது. முப்பது வருடம் தபால் பை தொங்கிய தோள் இது என்றேன். அதனால்தான் தசைநார் கிழிந்திருக்கிறது என்று படத்தில் காட்டினாள். இந்த வயதில் அறுவை செய்தாலும் பழையபடி வரும் என்று சொல்ல முடியாதாம். உங்கள் அன்றாட வண்டியை ஓட்டலாம், அதன் ஸ்டியரிங் லேசு. அந்தப் பழையதை விட்டுவிடுங்கள்.

அந்தப் பழையது.

மே 8, புதன்

கொட்டகையில் போய்ச் சும்மா உட்கார்ந்தேன், வண்டிக்குள். ஹட்சனுக்குள் ஏறுவது கிடையாது. இறங்க வேண்டும். அடிச்சட்டத்தின் இரண்டு கைகளுக்கு நடுவே தரையைத் தாழ்த்தி வைத்தார்கள். அதனால்தான் வண்டி குள்ளம், வளைவில் சாயாது, பந்தயத்தில் தன்னைவிடப் பெரிய எஞ்சின்காரர்களை எல்லாம் தின்றது. வண்டியின் வடிவம் என்பது உட்காருகிறவன் கால் எங்கே இருக்கிறது என்பதில் ஆரம்பிக்கிறது. வாலில் இல்லை. இதை எந்தக் கல்லூரியும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அடியில் படுத்துப் பார்த்தேன், தெரிந்தது.

அந்த அறிவாளித்தனம்தான் அவர்களைக் கொன்றது. உடலும் சட்டமும் ஒரே துண்டாக இருந்ததால் வருடா வருடம் புது முகம் மாட்ட முடியவில்லை. மற்றவர்கள் மாட்டினார்கள். சனங்கள் முகத்தைத்தான் வாங்கினார்கள். ஐம்பத்து நான்கில் டெட்ராய்ட் ஆலையில் கதை முடிந்தது.

இதை ராத்திரி சாப்பாட்டில் ஆர்லீனிடம் சொன்னேன். ஏற்கனவே பலமுறை சொன்னதுதான். முகத்தை மாற்றாமல் நின்றதற்காகச் செத்த வண்டி, அதைத்தான் நான் ஓட்டுகிறேன் என்றேன்.

“இப்ப எங்க ஓட்டுற?” என்றாள். உருளைக்கிழங்கை என் பக்கம் தள்ளினாள்.

மே 19, ஞாயிறு

பை கடைக்கு அவளுடைய சின்ன வண்டியில் போனோம். விரலால் ஸ்டியரிங்கைத் திருப்பினாள். ருபார்ப் முடிந்துவிட்டதாம்.

மே 23, வியாழன்

ஆர்லீன் எனக்குத் தெரியாமல் நார்ம் ஒல்ஷெவ்ஸ்கிக்குப் போன் செய்திருக்கிறாள். நார்ம்! நாற்பத்தொன்பது ஹட்சன் ஒன்றின் எஞ்சினை இறக்கிவிட்டு ஷெவ்ரலே வி-எட்டை ஏற்றியவன். பெயின்ட்டுக்குப் பெயர் ‘மிட்டாய் ஆரஞ்சு’. அவனை மனதில் வைத்துத்தான் சங்கத்தில் கயிற்று விதியைக் கொண்டுவந்தேன்: ஆலையிலிருந்து வந்தபடி இருக்கிற வண்டிக்குக் கண்காட்சியில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் புல்வெளி. எதையாவது மாற்றினால் அந்தப் பக்கம், தற்காலிகக் கழிப்பறைகளை ஒட்டி. நடுவர்கள் அங்கே போக மாட்டார்கள். அதன் பிறகு அவனும் நானும் கைகுலுக்கியது கிடையாது.

சின்ன மின் மோட்டார் ஒன்று இருக்கிறதாம். டாஷ்போர்டுக்கு அடியில் ஒளித்து வைத்தால் ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி சுற்றுமாம். அதைப் பழைய வண்டிகளில் சுத்தமாகப் பொருத்தத் தெரிந்தவன் இந்த மாவட்டத்தில் அவன் ஒருவன்தானாம்.

முடியாது என்றேன்.

“சரி. அப்ப நான் ஓட்டுறேன். நீ பக்கத்துல உக்காந்து எனக்குப் புத்தி சொல்லிக்கிட்டே வா. அது உனக்கும் பிடிக்கும்.”

மே 24, வெள்ளி

முடியாது.

ஜூன் 6, வியாழன்

நார்ம் கடைக்குப் போனேன். பார்க்க மட்டும்.

அவன் வெல்டிங் முகமூடியைத் தூக்கி, என்னை மேலும் கீழும் பார்த்து, “யாரு இது, போலீஸா? நான் எதையும் மாத்தல ஐயா, எல்லாம் கம்பெனில இருந்து வந்தபடியே இருக்கு” என்றான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் காத்திருந்தேன். தபால்காரனுக்கு நாய் குரைத்து முடிக்கும்வரை காத்திருக்கத் தெரியும்.

பிறகு தோளைக் காட்டச் சொன்னான். கை எவ்வளவு உயரம் போகிறது என்று பார்த்தான். கிண்டலை நிறுத்திவிட்டான். அது கிண்டலைவிட மோசமாக இருந்தது.

ஒரு சிக்கல்: மோட்டாரை நடுவில் வைக்க ஸ்டியரிங் தண்டை அறுக்க வேண்டும். என் வண்டியின் தண்டு டெட்ராய்ட்டில் மாட்டியது. ஒரு முறை அறுத்தால் அறுத்ததுதான். நான் கிளம்பிவிட்டேன். வாசல் வரை பின்னாலேயே வந்தான். ஒஹாயோவில் ஒரு பழைய வண்டிக் கிடங்கில் என்னுடைய அதே வகை, நசுங்கின ஹட்சன் ஹார்னெட் ஒன்று கிடக்கிறதாம், அதன் தண்டைக் கழற்றிக்கொண்டு வந்து அதை அறுக்கலாம், என்னுடையது அப்படியே இருக்கட்டும் என்றான்.

இதை அவனே யோசித்திருக்கிறான். மிட்டாய் ஆரஞ்சுக்காரன்.

ஜூன் 18, செவ்வாய்

என் தண்டைக் கழற்றியாகிவிட்டது. எண்ணெய் தடவி, போர்வையில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் வைத்தேன். கொட்டகையில் ஈரம்.

“இனிமே இந்தக் கட்டில்ல மூணு பேரு” என்றாள் ஆர்லீன்.

ஜூன் 29, சனி

முடிந்தது. உள்ளே தலையை விட்டுப் பார்த்தேன், டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஒரு கம்பிகூடத் தொங்கவில்லை. இத்தனை வருட நடுவர் நான், என் கண்ணுக்கே தெரியவில்லை.

நார்ம் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: “வெர்ன், இது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். ஆர்லீனுக்குத் தெரியும். என் வாயில இருந்து வராது.”

நன்றி என்றேன். அவன் கையை நீட்டினான். இடது கையைத்தான் கொடுக்க முடிந்தது.

வண்டி ஒரு விரலில் திரும்புகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. பழைய ஸ்டியரிங்கில் சாலை கைக்குத் தெரியும், கல்லா தாரா என்று சொல்லும். இது ஒன்றும் சொல்லாது. ஆனாலும் எதிர்க்காற்றில் நெடுஞ்சாலை வரை போய்வந்தேன்.

ஜூலை 16, செவ்வாய்

சங்கக் கூட்டம். நூலகத்தின் கீழ்த்தளம், கசப்புக் காபி.

கிளிஃபோர்ட் எழுந்து ஒரு திருத்தம் கொண்டுவந்தான். கண்ணுக்குத் தெரியாத உதவிப் பொருள்கள், வயதானவர்கள் வண்டியை ஓட்ட வேண்டி வைத்துக்கொண்டவை, மாற்றமாகக் கருதப்பட மாட்டா. அந்த வண்டிகள் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நிற்கலாம். அவன் மறைக்கவில்லை. முட்டி போய்விட்டது, தன் ஸ்டுடபேக்கரில் பிரேக்குக்கு ஒரு உதவி வைத்திருக்கிறேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னான். ஐம்பத்து மூன்றாம் வருடத்து இரண்டு கதவு கூப்பே. அமெரிக்காவில் அதைவிட அழகாக ஒரு தகரத்தை யாரும் வளைத்ததில்லை. இதை அவனிடம் நான் சொன்னதில்லை.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். ஆர்லீன் கைப்பையைத் திறந்து மூடினாள். வாயைத் திறக்காமல் கையை மட்டும் தூக்கியிருந்தால் போதும், விஷயம் முடிந்தது.

எழுந்து எதிர்த்துப் பேசினேன். கண்ணுக்குத் தெரியாது என்பது ஒரு காரணமா? நாம் பார்ப்பது பளபளப்பை அல்ல, அன்றைக்கு அந்த ஆலையில் அந்த மனிதர்கள் என்ன செய்தார்கள் என்பதை. அதில் பொய் கலந்தால் இது அழகுப் போட்டி. முட்டி வலிக்கிறது என்பதற்காக ஐம்பத்து மூன்றாம் வருடத்தை மாற்றி எழுத முடியாது.

பெர்னீஸ் ட்ரம்போவர், சங்கத்திலேயே மூத்தவள், முப்பத்தொன்பதாம் வருடத்து பக்கார்டு கார் வைத்திருக்கிறவள், எல்லாரும் கேட்கும்படி சொன்னாள்: “வெர்ன், உனக்கும் ஒரு நாள் வலிக்கும். அப்ப நாங்க இருக்க மாட்டோம் உனக்கு ஓட்டுப் போட.”

திருத்தம் ஒரு ஓட்டில் தோற்றது. எந்த ஓட்டு என்று எல்லாருக்கும் தெரியும்.

வரும் வழியில், “கிளிஃபோர்ட் அழுதுடுவான் போல இருந்தான்” என்றாள் ஆர்லீன். பார்த்தேன் என்றேன்.

ஜூலை 17

தூக்கமில்லை. தோள். தோள் மட்டும் இல்லை.

தப்பாச் சொன்னேனா? இல்லை. ஒரு வார்த்தையும் தப்பில்லை. அப்புறம் ஏன்டா இப்படி—

ஆகஸ்ட் 9, வெள்ளி

நாளை கண்காட்சி. தலைமை நடுவர் வேலையிலிருந்து விலகுகிறேன் என்று கிளிஃபோர்டுக்குப் போன் செய்தேன். ஏன் என்று கேட்டான். நாளைக்குத் தெரியும் என்றேன். “சந்தோஷம்”னு போனை வச்சுட்டான்.

வண்டியைத் துடைத்தேன், இடது கையால். நாள் முழுக்க ஆனது.

ஆகஸ்ட் 10, சனி

காலையில் பூங்கா வாசலில் பையன்கள் கொடி அசைத்து இடம் காட்டினார்கள். என் வண்டியைப் பார்த்ததும் வழக்கமான இடத்தைக் காட்டினார்கள், மேப்பிள் மரத்தடி, முதல் வரிசை. நான் நிற்காமல் போனேன். கயிற்றின் முனை வரை போய், ஒரு விரலால் ஸ்டியரிங்கைத் திருப்பி, கழிப்பறைகளை ஒட்டி, மிட்டாய் ஆரஞ்சுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.

கிளிஃபோர்ட் தன் முட்டியோடு ஓடி வந்தான். ஓடி வந்தான் என்றால் அவன் ஓட்டம். இடம் தெரியாமல் வந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறான். டாஷ்போர்டுக்கு அடியில் இருப்பதைச் சொன்னேன். எப்போதிலிருந்து என்று கேட்டான். ஜூனிலிருந்து என்றேன்.

கணக்குப் போட்டான். முகம் மாறியதைப் பார்த்தேன்.

“அப்ப அன்னைக்குக் கூட்டத்துல... உன் வண்டியில இதை வச்சுக்கிட்டேவா எழுந்து பேசின?”

“ஆமா.”

“பைத்தியக்காரா” என்றான். பல் டாக்டர் குரலில் இல்லை. பிறகு கயிற்றுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் போனான். கோபமா என்று தெரியவில்லை.

நடுவர்கள் தாளோடு வரிசையாக வந்தார்கள். கயிறு வரை வந்து திரும்பினார்கள். யாரும் என் வண்டியின் எஞ்சின் மூடியைத் திறக்கச் சொல்லவில்லை. இது நான் எழுதிய விதிதான், சரியாகத்தான் செய்கிறார்கள். ஆனாலும் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

நார்ம் மடக்கு நாற்காலி ஒன்றை விரித்துப் போட்டான். “உக்காருங்க பக்கத்து வீட்டுக்காரரே. வாடை சாயந்தரம்தான் வரும்.” அவன் எஞ்சினைப் பற்றி நான் நினைப்பதை மத்தியானம் வரை சொன்னேன். ஹாட் டாக் தின்றுகொண்டே கேட்டான். ஒன்றுக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் காது கொடுத்துக் கேட்கிறவன்.

மூன்று மணி இருக்கும், கிளிஃபோர்டின் ஸ்டுடபேக்கர் மெல்ல உருண்டு வந்து என் இடது பக்கம் நின்றது. அவன் இறங்கவே இல்லை, சன்னலை மட்டும் இறக்கினான். “என்கிட்டப் பேசாத” என்றான்.

பேசவில்லை. உன் வண்டிதான் இந்த நாட்டிலேயே அழகு என்று மட்டும் சொன்னேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பை கடை. ஒரே திருப்பில் விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். ஆர்லீன் இறங்கவில்லை. செர்ரி பை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

சாயந்தரம் கிளிஃபோர்ட் போன் செய்தான். செப்டம்பர் கூட்டத்தில் அந்தத் திருத்தத்தை மறுபடி கொண்டுவரப் போகிறானாம். பெர்னீஸ் ஆதரவாம், நார்மைக்கூடச் சங்கத்தில் சேர்க்கப் போகிறார்களாம். என் ஓட்டு?

எதிர்ப்பு என்றேன்.

“நீயே கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிக்கிற, வெர்ன்.”

“நீயும்தான்” என்றேன். “அடுத்த வருசம் கண்காட்சிக்கு வர்றப்ப நாற்காலி கொண்டுவா. நார்ம்கிட்ட ரெண்டுதான் இருக்கு.”