நடுவில் வெட்டிய ஸ்வெட்டர்

என் மாமாவுக்கு,

நெஞ்சைத் திறக்கிற ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அடம் பிடிக்கிறாயாம். போனையும் அணைத்துவிட்டாய். அது கிடக்கட்டும்.

வார்டில் ஏசி குளிருமே என்று ஸ்வெட்டர் பின்னினேன், தலை வழியாக மாட்டுகிற மாதிரி. நர்ஸம்மா பார்த்துவிட்டு, "ஆபரேஷனுக்கு அப்புறம் கையைத் தூக்கக் கூடாதும்மா" என்றார்.

மயிலாப்பூர் குளத்தோரம் தையல் மெஷின் போட்டிருக்கும் செம்பியனிடம் போனேன். அவனுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாளாம், என் வாயில் சர்க்கரை போட்டான். "நடுவுல வெட்டி ஜிப்பு வெச்சிடலாம்க்கா."

"மொத்தமும் பிரிஞ்சிடுமேடா!"

"ரெண்டு பக்கமும் தையல் ஓட்டிட்டு வெட்டினா இன்னாத்துக்குப் பிரியுது? நீயே வெட்டு."

நானே வெட்டினேன், மாமா. ஒரு இழைகூடப் பிரியவில்லை.

ஜிப் கழுத்து வரைக்கும் ஏறுகிறது. நாளைக் காலை கொண்டுவருகிறேன். பேனாவும் கொண்டுவருவேன்.

உன் வீட்டுக்காரி