அரிசி டின்னுக்குள் கத்திகள்

அன்புள்ள பிரிஜட்,

இதை யாரிடமும் காட்டாதே, உன் அம்மாவிடம்கூட. படித்ததும் கிழித்துவிடு.

பூன் லேயில் உன் வீட்டில் பார்த்த வீடியோ படம் நினைவிருக்கிறதா? கடைசியாக மிஞ்சிய பெண் கத்தியை எடுத்துக் கொலைகாரனைக் குத்தியதும், "இருந்தா இவ மாதிரி இருக்கணும் லா!" என்று நீ கை தட்டினாய்.

நான் அவள் மாதிரி இல்லை. நேற்று அப்பா குடித்துவிட்டு அம்மாவைத் துரத்தினார். அவர் தூங்கிய பிறகு வீட்டிலிருந்த கத்திகளையெல்லாம் அரிசி டின்னுக்குள் புதைத்தேன். காலையில் அம்மா அவற்றைக் கழுவிப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டார்.

"அப்பா கேட்டா நான் என்னடி சொல்றது?"

படத்தில் கொலைகாரன் வெளியிலிருந்து வந்தான். எங்கள் வீட்டுச் சாவி அப்பாவிடம்தான் இருக்கிறது.

பெரிய கத்தி இப்போது என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. குத்துவதற்காக இல்லை, அவர் கையில் கிடைக்காமல் இருக்கத்தான்.

அடுப்படியில் அவர் தேடுகிறார். அம்மா ஏதோ சொல்கிறார்.

அப்பா என் கதவைத் தட்டுகிறார்