பேனா நின்ற இடம்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

போன வாரம் பேராசிரியரை எதிர்த்துப் பேசிவிட்டேன். பதறாதே, நல்லபடியாகத்தான் முடிந்தது. எங்கள் ஆய்வில் நாங்கள் சொல்லச்சொல்ல ஆட்கள் எழுதுவார்கள். பேனா எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கணினி பதிந்துகொள்ளும். கேன்டீன் சமையல்காரம்மாவும் வந்து எழுதினார். 'ஊருக்குள் வெள்ளம் வந்தது' என்று நான் சொன்னதை 'வெல்லம் வந்தது' என்று எழுதிவிட்டார். அறுபது வார்த்தையில் இருபது பிழை.

"இவங்களுக்கு எழுத்தே தெரியல, விட்டுடு" என்றார் பேராசிரியர்.

"வித்தியாசமே தெரியாதவங்க நிக்காம எழுதிடுவாங்க சார். இவங்க பேனா தப்பு வர்ற இடத்துக்கு முன்னாடியெல்லாம் நிக்குது. எந்த 'ல'ன்னு யோசிக்கிறாங்க" என்றேன்.

அவர் அந்தப் பதிவை மறுபடி ஓட்டிப் பார்த்தார். பிறகு, இப்படி ஒதுக்கிவைத்த பன்னிரண்டு பேரின் பதிவுகளையும் எடுத்துவரச் சொன்னார். ஒன்பது பேருக்கு அதே கதைதான். இனி அந்தப் பகுதி முழுக்க என் பொறுப்பு.

சமையல்காரம்மாவிடம் சொன்னேன். "அப்ப நான் மக்கு இல்லையா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குக்கருக்கு ஒரு ரப்பர் வளையமும், போர்த்திக்கொள்ள உன் பழைய புடவை ஒன்றும் அனுப்பு. துவைக்காவிட்டாலும் பரவாயில்லை. கூடவே ஒரு கடிதம் வை. நீ சொல்லித் தம்பி எழுதியது வேண்டாம், நீயே எழுது. ரேங்க் கார்டில் போட்ட கையெழுத்தைத் தவிர, நீ எழுதி நான் எதையும் பார்த்ததில்லை.

அடுத்த ஆள் எழுத வந்துவிட்டார். முடிக்கிறேன்.

உன் மகள்