கடற்கரையில் மறந்துபோனது

அன்புள்ள அக்கா,

அலெக்சாந்திரியாவில் என் நாட்கள் நன்றாகவே போகின்றன. காலையில் டிராமில் கல்லூரி, மதியம் மொச்சையும் ரொட்டியும். நேற்று அறைத்தோழி ரிஹாப் கடற்கரைக்கு இழுத்துப்போனாள். அலை அவள் செருப்பை அடித்துக்கொண்டு போனது. வயிறு வலிக்கச் சிரித்தேன்.

"சிரிடி, அடுத்தது உன் செருப்புதான்" என்றாள்.

அப்போதுதான் மாலை முழுக்க உன்னை அழைக்க மறந்தது உறைத்தது. ஒன்பது நாளாக நீ தொலைபேசியை எடுக்கவில்லை. சூடான் போர்ச் செய்தியில், ஓம்துர்மானில் உங்கள் தெருப்பக்கம் குண்டு விழுந்ததாகச் சொல்கிறார்கள். நான் சிரித்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய்?

ஊருக்குத் திரும்பும் ஒருவர் இதைக் கொண்டுவருகிறார். "உங்கக்கா இல்லேன்னா யார்கிட்டம்மா குடுக்கறது?" என்று கேட்டார்.

"அக்கா இருப்பா" என்றேன். வேறு பெயர் எதுவும் சொல்லவில்லை.

உன் தங்கை