நீலப் புகை

கடலூர் ஓ.டி.,
19-8-1967

அன்புள்ள லோகநாயகிக்கு உத்திராபதி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். மாமாவும் அத்தையும் அங்கே சுகமென்று நம்புகிறேன். நீ திட்டக்குடி போய் இன்றோடு முப்பத்தாறு நாள். நான் போட்ட இரண்டு கார்டுக்கும் பதில் இல்லை. அவற்றில் மழையைப் பற்றியும் துறைமுகத்தைப் பற்றியும்தான் எழுதியிருந்தேன். எழுத வேண்டியதை எழுதவில்லை. இன்று கவர் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஐஸ் பாக்டரி நன்றாக ஓடுகிறது. மீன்கூடை சவரியம்மாள் தினமும் உன்னை விசாரிக்கிறாள். "ஊருக்குப் போன புள்ள இன்னும் வரலியா? சண்டையா?" என்று போன வாரம் வாசலிலேயே கேட்டுவிட்டாள். உடம்பு சரியில்லாத அத்தைக்குத் துணையாக இருக்கிறாய் என்று பொய் சொன்னேன். அத்தைக்கு ஒரு குறையும் வரக்கூடாது.

நடந்தது உனக்குத் தெரியும். என் பக்கம் மட்டும் தெரியாது. அதைத்தான் எழுதுகிறேன்.

கப்பலில் வந்த அந்தப் பழைய இன்ஜினை ஐஸ் பாக்டரியில் இறக்கிய அன்று, பக்கத்தில் ஒட்டியிருக்கும் சக்கரம் எதற்கென்று கேட்டாய். அதுதான் டர்போ, புகை போகிற வேகத்திலேயே சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் என்று பெருமையாகச் சொன்னேன். கடலூரிலேயே அதைத் தொட்ட மெக்கானிக் நான் ஒருவன்தான் என்றும் சொன்னேன்.

நீலப் புகை வரத் தொடங்கியதும், ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று முதலாளி மரைக்காயரிடம் சொன்னேன். அன்று மத்தியானம் சோறு கொண்டுவந்த நீ, புகைக்குழாயைப் பார்த்துக்கொண்டே, "மெஷினை இழுத்துக்கிட்டு லோடுல ஓடுறப்ப புகை தெளிவாத்தான் இருக்கு. நீங்க சாப்பிட உக்கார்ற நேரம் சும்மா ஓடுதே, அப்பதான் நீலமா வருது. கொடியில காயற துணியெல்லாம் ஆயில் வாடை. ரிங்கு போயிருந்தா லோடுலதானே ஜாஸ்தி வரணும்? அந்தக் காத்துச் சக்கரத்துல கசியுதோ என்னமோ" என்றாய்.

சொன்ன உடனே சரியென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் தாங்கவில்லை.

கறுப்பு என்றால் காற்றுப் போதவில்லை, வெள்ளை என்றால் எரியாத டீசல் அல்லது உள்ளே தண்ணீர், நீலம் என்றால் ஆயில். இதைக் கற்க நான் பன்னிரண்டு வருஷம் மெக்கானிக் ஷெட்டில் அடியும் திட்டும் வாங்கினேன். நீ மாமாவின் ரைஸ்மில்லில் உமிக்குவியல்மேல் விளையாடிக்கொண்டே கற்றிருக்கிறாய். என் வயிறு எரிந்தது லோகு. பெண்டாட்டி சொல்லி இன்ஜினைத் திறந்தான் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்று, தெரிந்தே டர்போவை விட்டு ரிங்கைக் கழற்றினேன். "இனிமே ஷெட்டுப் பக்கம் வராதே" என்று உன்னையும் விரட்டினேன்.

நான்கு நாள் ஐஸ் இல்லை. சவரியம்மாளின் கூடை மீனெல்லாம் நாறிப்போய், அவள் மணலில் குழி தோண்டிப் புதைத்ததை நீயும் பார்த்தாய். ரிங்குகள் புதுசுபோல இருந்தன. ஐந்தாம் நாள் யாரும் இல்லாத நேரம் டர்போவின் காற்றுக்குழாயைக் கழற்றினேன். உள்ளே விரல் முங்க ஆயில் நின்றது. ஆயிலைத் தடுக்கும் சீல் போயிருந்தது. அதை மாற்றியதும் புகை நின்றது. மரைக்காயர் எல்லாரையும் கூப்பிட்டு, "நம்ம உத்திராபதி கண்ணுக்கு எதுவும் தப்பாதுப்பா. இனிமே இவன்தான் ஃபோர்மேன்" என்றார். நான் தலையாட்டினேன். திரும்பினால், வராதே என்று நான் விரட்டியிருந்தும் சாப்பாட்டுத் தூக்கோடு நீ கதவோரம் நிற்கிறாய். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நீ தூக்கை வைத்துவிட்டுப் போய், மறுநாள் பஸ் ஏறினாய்.

திங்கட்கிழமை மரைக்காயரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆட்கள் இருக்கும்போதுதான் சொன்னேன். "அப்ப ஃபோர்மேன் உன் வூட்டுலல்ல இருந்திருக்கு!" என்று அவர் சிரித்தார். ஷெட்டே சிரித்தது. சவரியம்மாளிடமும் போய்ச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் நீ எப்போது வருவாய் என்று கேட்பதை விடவில்லை.

சொன்னபிறகு மனசு சுத்தமாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அது பொய். அவர் உன்னைப் புகழ்ந்தபோது மறுபடியும் எரிந்தது. இனியும் எரியும். எரிந்தால் உன்னிடம் சொல்லிவிடுவேன், உன்மேல் காட்டமாட்டேன். அவ்வளவுதான் என்னால் உறுதி சொல்ல முடிகிறது.

இன்னொரு விஷயம். சிதம்பரத்தில் மரைக்காயரின் மருமகன் அபுல் ஹசன் வைத்திருக்கும் ரைஸ்மில் இன்ஜின் ஒரு வாரமாக வெள்ளைப் புகை கக்குகிறது. வியாழக்கிழமை போய்ப் பார்த்தேன். எனக்கு ஒன்று தோன்றுகிறது. அவர்களிடம் சொல்லவில்லை. இங்கேயும் எழுதமாட்டேன். எழுதினால், உனக்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன் என்று என் மனசு துள்ளும். "வீட்டில் இருப்பவளும் வந்து பார்க்கட்டும்" என்று மட்டும் சொல்லி வந்திருக்கிறேன்.

வரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். மாமாவையும் கூட்டி வா, எனக்கு வெட்கமில்லை. நீ பார்த்து, உனக்குத் தோன்றுவதை எல்லார் முன்னாலும் நீயே சொல்ல வேண்டும். நான் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அத்தைக்கும் மாமாவுக்கும் என் நமஸ்காரம். நீ நன்றாக இருக்க வேண்டும். என்னிடம் வந்து நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
உத்திராபதி