ஆளில்லாத தீவுக்கு ஒரு வரவேற்பு வளைவு

சனி, ஜன. 3
மைனஸ் பதினெட்டு. வாசல் ஸ்னோ இன்னும் வழிக்கவில்லை. இவர் வழிப்பதாகத்தான் சொன்னார். கனடாவாழ் எங்கள் தீவு ஒன்றியக் கூட்டத்துக்குக் கூட்டிப்போக கார் வந்ததும் அதன் மேலேயே மிதித்துக்கொண்டு போய்விட்டார். உபதலைவர் அல்லவா.

வாங்க: பால், முருங்கைக்காய் (விலை பார்த்து), வாசல் ஐஸில் போட உப்பு.

ஒன்றியச் செயலாளர் குலம் அண்ணை போன். ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமாம். "ரீச்சர், எங்கட தீவைப் பற்றி நாலு பக்கம். மக்கள், நிர்வாகம், பொருளாதாரம். பிள்ளையள் வாசிச்சு விளங்கிற மாதிரி எழுதுங்கோ." எந்தப் பிள்ளைகள் என்று கேட்க வாய் உன்னியது. ஓம் என்று சொல்லிவிட்டேன். ஊரில் படிப்பித்தவள் என்று இன்னும் நினைவு வைத்திருக்கிறார்களே என்ற அற்ப சந்தோசம்தான், வேறென்ன.

திங்கள், ஜன. 5
வேலையால் வந்து 'மக்கள்' பகுதி. சரியான விபரத்துக்கு சுகந்தியைக் கேட்டேன். எங்கள் குடும்பத்தில் தங்கச்சி ஒருத்திதான் இன்னும் தீவில்.

"இப்ப எத்தனை பேர் இருக்கினம்?"

"ஆளை எண்ணவோ அக்கா? கோயில் அன்னதானத்துக்கு ஒரு கிடாரத்தில காய்ச்சினால் மிஞ்சுது."

அதையே எழுதி அனுப்பினேன். குலம் அண்ணைக்குப் பிடிக்கவில்லை. "உது வாசிக்க ஒரு மாதிரிக் கிடக்கு. இஞ்ச இருக்கிற ஆக்களையும் சேருங்கோ. நாங்களும் தீவு மக்கள்தானே." செத்தவர்களையும் சேர்க்கவா என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

சுகந்தி குரல் களைத்திருக்கிறது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. திங்களும் வியாழனும் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போய் மெசினில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். நடுவில் கடல். நோயாளருக்கென்று ஒன்றியம் வாங்கிக் கொடுத்த படகு, எஞ்சின் எரிந்து கரையில் கிடக்கிறது. அரசாங்கப் படகு திருத்த வேலைக்குப் போனது போனதுதான். மிச்சம் அன்ரன் என்பவருடைய படகு ஒன்று.

புதன், ஜன. 7
'நிர்வாகம்'. தலைப்பைப் பார்க்கவே விசர் வருகிறது.

அங்கே: கிராம அலுவலர், கடல் அமைதியாக இருந்தால் வருவார். ஆஸ்பத்திரிக் கட்டடம் உண்டு, டொக்டர் இல்லை.

இங்கே: தலைவர், உபதலைவர்கள், செயலாளர், உபசெயலாளர், பொருளாளர், போசகர்கள், ஆலோசகர்கள், கணக்காய்வாளர், விளையாட்டுப் பொறுப்பாளர். தீவில் இருக்கும் ஆம்பிளைகளைவிட நிர்வாகசபையில் ஆள் கூட. அங்கே என்ன கட்டுவது, எதை இடிப்பது எல்லாம் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் வடை சாப்பிட்டபடி தீர்மானம்.

ஐப்பசிப் பொதுக்கூட்டம் இன்னும் நெஞ்சில் எரிகிறது. எஞ்சினா, இறங்குதுறையில் வரவேற்பு வளைவா என்று கேள்வி. குலம் அண்ணை எழும்பினார். "எஞ்சின் தண்ணிக்குள்ள கிடக்கும். ஆர் பாக்கிறது? வளைவெண்டால் காலத்துக்கும் நிக்கும். குடுத்த ஒவ்வொருத்தற்ற பேரும் கல்லில நிக்கும்." அவர் முன்மொழிய, வழிமொழிந்தது என் புருசன். சுகந்தியின் சொந்த அத்தான். நான் எழும்பிச் சத்தம் போட்டேன். "பொம்பிளையளின்ர கருத்தைப் பிறகு எடுப்பம்" என்றார்கள். பிறகு கொத்துரொட்டி வந்தது.

மகளுக்கு இன்று சொன்னேன். போனிலிருந்து தலை நிமிர்த்தாமல், "சோ, ஆளே இல்லாத இடத்துக்கு ஒரு ஆர்ச்சா? ஹூ இஸ் இட் வெல்கமிங், அம்மா?" இவ்வளவு தெளிவாக அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

வெள்ளி, ஜன. 9
கட்டுரை முடிந்தது. பொருளாதாரம்: மீன், பனை, கடலட்டை, கனடா. கடைசியில் எரிந்த எஞ்சினைப் பற்றி ஒரு பந்தி. சுகந்தியின் பெயர் போடவில்லை, ஆனால் தெரியும்.

இவர் சாப்பாட்டு மேசையில் வாசித்தார். "கடைசிப் பந்தியை எடும். விழா மலருக்கை குடும்பப் பிரச்சினை எழுதின மாதிரிக் கிடக்கு."

"குடும்பந்தானே."

"நீர் எடுக்காட்டி அவை எடுப்பினம்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பொறும், உமக்கு ஒரு சப்ரைஸ் இருக்கு."

இவருடைய சப்ரைஸ்கள் எனக்குத் தெரியும். போன முறை இரண்டாவது ரைஸ்குக்கர்.

ஞாயிறு, ஜன. 11
இரவுச் சாப்பாட்டு நேரம் சுகந்தி வீடியோவில். அங்கே திங்கள் காலை. வாடைக்காற்று இரைச்சலில் பாதி கேட்கவில்லை. விடிய முன்பே துறைக்கு வந்துவிட்டாளாம். அன்ரனின் படகு வந்தது, கல்லை இறக்கியது, ஆளை ஏற்றாமல் திரும்பிப் போய்விட்டது. வளைவுக்குக் கல் ஏற்ற ஒன்றியம் இந்தக் கிழமை முழுக்கப் படகைப் பிடித்துவிட்டதாம். தைப்பூசத்துக்குத் திறப்பு விழா.

"அன்ரன் பாவம் அக்கா. 'கனடாக்காரர் ஓம் எண்டால் ஏத்துறன். அவையின்ர கல்லை விட்டிட்டு ஆளை ஏத்தினால் இனி எனக்குத் தொழில் தருவினமோ' எண்டு கேக்கிறான்."

கால் இரண்டும் வீங்கி, செருப்பு ஏறவில்லை. எதிலாவது குந்தி இரடி என்றேன். இருக்கிறேன் என்று கமராவைக் கீழே திருப்பினாள். நீளமான கருங்கல், பளபளப்பு, பொன் எழுத்து. திரு. நடேசன், திருமதி யோகராணி நடேசன், கனடா.

"உங்கட பேரிலதான் இருக்கிறன், அக்கா."

இதுதான் சப்ரைஸ்.

போனை இவர் முகத்துக்கு முன்னால் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "எழுத்து வடிவா வெட்டியிருக்கிறாங்கள்" என்றார். அதற்குப் பிறகுதான் சுகந்தியைக் கண்டார். "நாளைக்குப் போகலாமே பிள்ளை?"

அவர் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக் குப்பையில் கொட்டினேன். அப்படியே குலம் அண்ணைக்குப் போன். ஒரு வார்த்தை சொல்லுங்கோ, அன்ரன் ஏற்றுவான் என்று கெஞ்சினேன். கெஞ்சினேனே, அதுதான் இப்போது கூடக் கசக்கிறது.

"நிர்வாகசபையைக் கேளாமல் நான் தனிய முடிவெடுக்கேலாது ரீச்சர். நாளைக்கு ஒருக்கால் கூடிக் கதைப்பம்."

செவ்வாய், ஜன. 13
மீன்பிடிக்கிற ஒருவர் சின்ன வள்ளத்தில் சுகந்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். தொப்பலாக நனைந்து, நேரம் பிந்தி. அவளுக்கிருந்த மெசினை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மூச்சு இழுத்து, ஒட்சிசன் வைத்து, அடுத்த நாள்தான் சுத்திகரித்தார்கள். உயிரோடு இருக்கிறாள். ஆஸ்பத்திரி வாட்டில் மறித்து வைத்திருக்கிறார்கள். வியாழனும் அங்கேயே முடித்துத்தான் விடுவார்களாம்.

வேலைக்குப் போகவில்லை. இவரோடு கதை இல்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

கூடிக் கதைத்தார்களா தெரியாது. இங்கத்தைய ஆண்டு விழாவுக்கு எந்த நிறச் சேலை என்று மகளிர் குழுவில் மட்டும் இருபது செய்தி.

சனி, ஜன. 17
ஆண்டு விழா. போவதில்லை என்று இருந்தேன். பிறகு போனேன், வேண்டுமென்றே.

மலர் கையில் தந்தார்கள். படகுப் பந்தி இல்லை. கிடாரம் இல்லை. 'கடல் கடந்தும் பரந்து வாழும் பெருங்குடி மக்கள்' என்று இருக்கிறது. கீழே என் பெயர், என் படம். வழுவழுப்பான தாள்.

கட்டுரை எழுதியதற்குப் பொன்னாடை போர்க்க மேடைக்குக் கூப்பிட்டார்கள். அறிவிப்பாளரிடம் மைக்கை வாங்கினேன். "அந்தக் கல்லில இருந்து என்ர பேரை எடுங்கோ. அதுக்கு மேல இருந்துதான் என்ர தங்கச்சி உங்கட படகைப் பாத்துக்கொண்டு கிடந்தவள். அவளை விட்டிட்டுக் கல்லைத்தான் ஏத்தினீங்கள்."

பின்னால் யாரோ, "மைக்கை வாங்குங்கோ, மைக்கை வாங்குங்கோ."

குலம் அண்ணை சிரித்த முகம் மாறாமல் என் காதுக்குள், "கல்லில வெட்டினது எடுக்கேலாது ரீச்சர். வேணுமெண்டால் புதுக்கல்லுத்தான் போடவேணும்."

போடுங்கோ என்றேன். பொன்னாடையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு இறங்கினேன். இவர் முதல் வரிசையில் அடுத்த நடனத்துக்காகக் காத்திருக்கிறவர் போல நேரே பார்த்துக்கொண்டு இருந்தார். மகள்தான் காரை எடுத்தாள்.

ஞாயிறு, ஜன. 18
காலையில் மறுபடி ஸ்னோ. இவர் வழிக்கிறார், கேட்காமலே. வழிக்கட்டும்.

சுகந்தி எடுத்தாள். வீட்டுக்கு வந்துவிட்டாள், கால் வற்றியிருக்கிறது. மேடையில் நடந்ததைச் சொன்னேன். புதுக்கல் வரும், என் பேர் உள்ளதை உடைத்து எறியச் சொல்கிறேன் என்றேன்.



"உடைக்க விடாதேங்கோ அக்கா. துறையிலயே கிடக்கட்டும். நாளைக்கும் போகவேணும், அங்க குந்தி இருக்கிறதுக்கு வேற ஒண்டுமில்லை."