பழகுவதற்கு எடுத்த ஆறு குழாய்கள்

செகந்திராபாத்காரிக்கு,

நேற்றுப் பெய்த மழையில் எங்கள் குகட்பள்ளி காலனிக்குள் சாக்கடைத் தண்ணீர் ஏறிவிட்டது. காலையில் மாநகராட்சி ஆட்கள் வந்து தெரு முழுக்க பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார்கள். என் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, தெலுங்கில் திட்டியபடியே பள்ளிக்குக் கிளம்பினாள். எனக்கு அந்த வாடை வந்தால் நீ பக்கத்தில் நிற்பதாக ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. நீ போய் இரண்டு வருடம் ஆகிறது என்று ஒவ்வொரு தடவையும் எனக்கு நானே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உனக்கு ஒரு பரிசோதனை முடிவைத் தெரிவிக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். அறிக்கை மாதிரி எழுதுகிறாய் என்று நீ கிண்டல் செய்வாய். எனக்கு அப்படித்தான் எழுத வரும்.

நீ கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தவளை பிடித்தவள். நான் ஆய்வுக்கூடத்தில் வெள்ளை அங்கிக்குள் இருந்தவள். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் குடும்பம் உன்னுடையது. நான் வேலை கிடைத்து ஈரோட்டிலிருந்து வந்தவள். ஒருநாள்கூட நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஈரோடு என்றுதான் கூப்பிடுவாய். பதிலுக்கு நான் உன்னைச் செகந்திராபாத் என்பேன். அந்த விளையாட்டில் நம் நிஜப் பெயர்கள் இரண்டும் காணாமல் போய்விட்டன.

நாம் தேடியது கைட்ரிட் என்ற பூஞ்சையை. தவளை தோலால்தான் தண்ணீர் குடிக்கிறது, பாதி மூச்சையும் தோலால்தான் விடுகிறது. அந்தத் தோலில் போய் உட்காரும் பூஞ்சை அது. உலகத்தில் வேறு இடங்களில் அது சில தவளை இனங்களை இருந்த இடம் தெரியாமல் செய்துவிட்டது. நம் ஊரில் தவளைகள் கொத்துக் கொத்தாகச் சாகவில்லை. வெயில் அதை அடக்கி வைக்கிறதோ என்னவோ. ஆனால் ஈரமான பூட்ஸிலும் வலையிலும் ஒட்டிக்கொண்டு அது அடுத்த குட்டைக்குப் போகும். தவளையைக் காப்பாற்றப் போகிறவர்களே நோயைச் சுமந்துகொண்டு போகலாம். உன் பெரிய பயம் அதுதான்.

அதனால் உனக்கு ஒரு சட்டம் இருந்தது. சுத்தமான குட்டைக்கு முதலில் போக வேண்டும், அழுக்குக் குட்டைக்குக் கடைசியில். சுத்தமானது, ஊருக்கு வெளியே பாறைகளுக்கு நடுவில் இருந்த சின்னக் குட்டை. முதல் மழைக்காலத்தில் அங்கே எடுத்த மாதிரி ஒன்றில்கூடப் பூஞ்சை இல்லை. அழுக்கானது பட்டான்செருப் பக்கத்து ஏரி. நுரை மிதக்கும், பூஞ்சையும் உண்டு. ஒவ்வொரு தவளைக்கும் புதுக் கையுறை, ஒவ்வொரு கரையிலும் பூட்ஸைத் தேய்த்துப் பிளீச்சிங் கரைசலில் நனைப்பது. பாறைக்குட்டையில் இறங்கும்போது நீ குரலைக்கூடத் தாழ்த்திக்கொள்வாய். கோயிலா இது என்று ஒருமுறை கேட்டேன். "கோயில்னா செருப்பைக் கழட்டினா போதும், இங்க கழுவணும்" என்றாய்.

இரண்டாம் மழைக்காலத்தில் ஒருநாள் பாறைக்குப் போகும் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒன்பது மணிக்குத்தான் வண்டி விடுவோம் என்றார்கள். உனக்குக் கல்லூரி இல்லாத நாள், எனக்கும் விடுமுறை. வீணாக்க மனசில்லாமல் ஏரிக்கு முதலில் போனோம். ஒழுங்காகக் கழுவினால் சரிதானே என்று நான்தான் சொன்னேன். தவளை பிடித்து முடித்துப் பிளீச்சிங் கரைசல் கேனைத் திறந்தால் அடியில் கொஞ்சம்தான் கரைசல் இருந்தது. முந்தின நாள் அதை நிரப்ப வேண்டியது என் வேலை, மறந்திருந்தேன். நீ ஸ்கூட்டர் சீட்டின்மேல் மாதிரிக் குழாய்களை வைத்து எண் எழுதிக்கொண்டிருந்தாய். இருந்த மிச்சத்தை உன் பூட்ஸுக்கும் பைக்கும் வலைக்கும் ஊற்றிக் கழுவினேன். என் பூட்ஸை வெறும் தண்ணீரில் அலசினேன். "கழுவிட்டியா, ஈரோடு?" என்று திரும்பாமலே கேட்டாய். "ஆச்சு" என்றேன். மூன்றெழுத்துப் பொய். பாறைக்குட்டையில் முழங்கால் வரை இறங்கினேன்.

குளிர் வந்ததும் எடுத்த மாதிரிகளில் பாறைக்குட்டைக்குப் பூஞ்சை வந்திருந்தது. பரிசோதித்தது நான்தான். மூன்று முறை திரும்பச் செய்தேன். மூன்று முறையும் அதே பதில். உன்னைக் கூப்பிட்டு, ஆய்வுக்கூடத்தின் வராந்தாவில் தாளை நீட்டினேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் நின்றேன். நீ முந்திக்கொண்டாய்.

"என் பை வார் பட்டான்செரு சேத்துல விழுந்துச்சு. துடைச்சேன், அவ்வளவுதான், மருந்து படல. நான்தான் கொண்டு வந்திருக்கேன்."

அப்படி இருக்காது என்று நான் ஆரம்பித்தேன். "நக்கோ, வேணாம். சமாதானம் சொல்லாதே" என்றாய். வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன். உன் பையில் மருந்து பட்டிருந்தது எனக்குத் தெரியும். ஊற்றியவளே நான்தான்.

ஆய்வுக்குழுவே நோயைக் கொண்டுவந்திருக்கக்கூடும் என்று அறிக்கையில் ஒரு வரி சேர்த்து, கீழே உன் கையெழுத்தைப் போட்டாய். அதற்குப் பிறகு நீ பாறைக்குட்டைப் பக்கமே போகவில்லை. வருடா வருடம் அங்கே தவளைச் சத்தம் குறைவதாக யாராவது சொன்னால் முகம் சுருங்கிப் பேச்சை மாற்றுவாய். பூச்சிமருந்து, புது மனைகள், தண்ணீர் வற்றியது என்று காரணம் எத்தனையோ இருக்கலாம். இன்னொருத்தர் குட்டையாக இருந்தால் அதையெல்லாம் வரிசையாகச் சொல்லியிருப்பாய். நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை இருப்பதாகச் சொல்ல ஆரம்பித்தேன். உன் முகத்தைப் பார்க்கக் கூச்சம். போன் பேச்சு குறைந்து, பண்டிகை வாழ்த்தாகி, கடைசியில் ஆஸ்பத்திரியில் வந்து உன்னைப் பார்த்தபோது சாத்துக்குடியைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து வந்தேன்.

போன மாதம் ஆய்வுக்கூடத்தில் மாதிரிகளை உறைய வைக்கும் பழைய உறைபெட்டி பழுதாகி, உள்ளே இருந்ததையெல்லாம் வேறொன்றுக்கு மாற்றினோம். அடித்தட்டில் எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு டப்பா. உள்ளே ஆறு குழாய்கள், பென்சிலில் உன் எழுத்து: பாறைக்குட்டை, தேதி, பழகுவதற்கு. தேதி நாம் ஆய்வைத் தொடங்குவதற்கு முந்தின குளிர்காலம். பஞ்சுக்குச்சியால் தவளைத் தோலைத் தடவிப் பார்க்க நான் உனக்குக் காட்டிக்கொடுத்து, நீ முதன்முதலில் தனியாகப் போய் எடுத்துவந்தவை. கை பழகுவதற்கு எடுத்ததை யாரும் பரிசோதிப்பதில்லை. நீயும் மறந்துவிட்டாய், நானும் மறந்துவிட்டேன்.

பரிசோதித்தேன். நான்கில் பூஞ்சை இருந்தது. என் கையை நானே நம்பாமல் வேறு ஊர் ஆய்வுக்கூடம் ஒன்றுக்கும் அனுப்பினேன், அதே நான்கு. அப்போது நீ பட்டான்செரு ஏரியைப் பார்த்ததே இல்லை, உன் பூட்ஸும் முந்தின நாள்தான் கடையிலிருந்து வந்திருந்தது. பூஞ்சை அங்கே முன்பே இருந்திருக்கிறது. முதல் மழைக்காலத்தில் நாம் போனது கோடைச் சூடு தணியாத நாட்கள். அதில் ஒடுங்கிக் கிடந்து நம் கண்ணில் படாமல் போயிருக்கிறது. ஒரு பருவம் பார்த்துவிட்டு அதைச் சுத்தமான குட்டை என்று நாமே பெயர் வைத்துவிட்டோம். நீ கொண்டு வரவில்லை. நானும் கொண்டு வரவில்லை.

எனக்கு நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். ஒருநாள் பூராவும் காத்திருந்தேன், வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை செகந்திராபாத்துக்குப் போய் உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், காலியான கேனையும் சேர்த்து.

"ஹவ், ஆமா, அந்தக் குட்டைக் கதை எனக்குத் தெரியும்மா" என்றார். "கூட வந்த பொண்ணு கொண்டு வந்திருக்கலாமேன்னு நான் ஒரு தடவை கேட்டேன். கைக்கு, எதுக்கு அவளை இழுக்கறே, ஈரோடு கழுவிட்டேன்னா கழுவிட்டான்னு அர்த்தம், அப்படின்னு சண்டைக்கு வந்துட்டா."

அவர் வீட்டில் காபி குடித்தேன். பேருந்தில் வரும்போதுதான் அழுதேன்.

அறிக்கைக்குத் திருத்தம் எழுதி அனுப்பிவிட்டேன். உன் கையெழுத்துக்கு மேலே இருந்த அந்த வரி இனி இல்லை. பூட்ஸ் விஷயத்தை எழுதத் தேவையில்லை என்று ஆய்வுக்கூடத்தில் சொன்னார்கள். அறிவியலுக்குத் தேவையில்லைதான். நான் எழுதினேன்.

அந்த வராந்தாவில் சொல்லியிருந்தால் நீ என்னை வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பாய். இரண்டு நாள் பேசியிருக்க மாட்டாய். மூன்றாம் நாள் நோட்டுகளையெல்லாம் என் மேசையில் பரப்பி, அந்தக் குட்டைக்கு அதற்கு முன்னால் யார் போனது, எப்போது போனது என்று ஒவ்வொரு தேதியாகத் தேட ஆரம்பித்திருப்பாய். உன்மேல் பழி போட்டுக்கொள்ள உனக்கு ஒரு சான்றும் வேண்டியிருக்கவில்லை. என்மேல் பழி என்றால் அதைக் கழுவ நீ அந்த உறைபெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்திருப்பாய். ஒரு வாரத்தில் ஆறு குழாய்களும் வெளியே வந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஆறு மழைக்காலம் நீ உயிரோடு இருந்தாய், செகந்திராபாத். ஆறிலும் அந்தக் குட்டைக்குப் போகாமல் இருந்தாய். பூஞ்சை அதைச் செய்யவில்லை, நான் செய்தேன்.

ஈரோடு